பள்ளி சார்ந்த ஆங்கில வழக்குத்தொடர்கள்: தமிழ் மாணவர் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பயிலும் மாணவி ஒருத்தி தன் இடுபணியை உரிய நாளிலேயே அளித்துவிட்டாள் எனக் கொள்வோம். அயல்நாட்டிலிருந்து வந்திருக்கும் விரிவுரையாளர் அது தம் கைக்கு வந்து சேரவில்லையே என மின்னஞ்சலில் வினவுகிறார். அவள் 'ஐ பாஸ்ட் அப் மை அசைன்மெண்ட்' என மறுமொழி எழுதுகிறாள். 'என் இடுபணியை ஒப்படைத்துவிட்டேன்' என்பதே அவள் கருதிய பொருள். விரிவுரையாளருக்கோ 'எனக்கு அளிக்கப்பட்ட பணியை வேண்டாமென விட்டுவிட்டேன்' என்னும் பொருளே தோன்றும். இத்தொடரில் அவள் அறியாத சொல் ஒன்றுமில்லை. இலக்கணப் பிழையும் இல்லை. எனினும், கடமை தவறாத மாணவி ஒருத்தி பொறுப்பற்றவளாகத் தோற்றமளிக்க நேர்கிறது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, மலாய் மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, பின்னர் ஆங்கிலம் மிகுதியாக வழங்கும் உயர்கல்விக் கூடங்களை அடையும் நம் மாணவர்க்கு இத்தகைய இடர்ப்பாடு புதிதன்று. 2003 ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கி, 2012 முதல் அத்திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2017 தொடங்கி ஆங்கிலப் பாடத்திட்டம் ஐரோப்பிய மொழித்தர அளவைகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டபோது, வெளிநாட்டுப் பதிப்பகத்தாரின் பாடநூல்களும் நம் வகுப்பறைகளுக்குள் வந்தன. பிரித்தானியப் பள்ளிச் சூழலில் பிறந்த தொடர்களை நம் பிள்ளைகள் அந்நூல்களில் எதிர்கொள்கின்றனர். பள்ளியைச் சார்ந்த அன்றாட ஆங்கிலத் தொடர்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை நம் மாணவரை எங்கெங்கு இடறச் செய்கின்றன, அவற்றைத் தெளிவதற்குத் தமிழ் எவ்வாறு துணைநிற்கிறது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பள்ளி'யும் 'ஸ்கூல்' என்பதும்

நம் நாட்டுத் தமிழ் மாணவன் தான் பயிலும் இடத்தைப் 'பள்ளி' என்றும் 'செகோலா' என்றும் 'ஸ்கூல்' என்றும் மும்மொழியிலும் கூறுகிறான். இவற்றுள் பின்னைய இரண்டும் ஒரு சொல்லின் இரு வடிவங்களே. ஓய்வு எனும் பொருளுடைய கிரேக்கச் சொல் ஒன்று, ஓய்வுநேரத்தில் நிகழும் அறிவு உரையாடலைக் குறித்து, பின்னர் அவ்வுரையாடல் நிகழும் இடத்தைக் குறித்தது. அது இலத்தீன் வழியாக ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' ஆயிற்று. போர்த்துக்கீசியர் வழியாக மலாயில் 'செகோலா' ஆயிற்று.

தமிழ்ப் 'பள்ளி'யும் ஓய்வோடு தொடர்புடையது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 'பள்ளி கொள்ளுதல்' என்றால் துயில் கொள்ளுதல். பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் 'பள்ளி' என்பது சமண முனிவர் தங்கிய இடத்தைக் குறிக்கிறது. அத்தகைய உறைவிடங்கள் கல்வி பயிலும் இடங்களாகவும் விளங்கியமையால் அச்சொல் இன்றைய பொருளைப் பெற்றது எனலாம்.

'ஸ்கூல் ஆஃப் ஃபிஷ்' என்னும் தொடரைக் கண்டு மீன்களுக்கும் பள்ளியுண்டோ என மாணவர் வியப்பதுண்டு. இது வேறு சொல். கூட்டம் எனப் பொருள்படும் டச்சு மொழிச் சொல்லிலிருந்து வந்தது. வடிவத்தால் மட்டும் கல்விக்கூடத்தோடு ஒத்து நிற்கிறது. 'ஸ்கூல் ஆஃப் தாட்' என்பதோ கல்விக்கூடத்தின் வழிவந்ததே. ஒரே கொள்கை வழி நிற்கும் அறிஞர் மரபினை அது சுட்டும். அதனைச் 'சிந்தனைப் பள்ளி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதினும், 'கோட்பாட்டு மரபு' என்பதே தமிழ்க்குப் பொருந்தும்.

சுட்டுச்சொல் செய்யும் வேறுபாடு

'பையன் பள்ளிக்குப் போனான்', 'அவன் தாயார் பள்ளிக்குப் போனார்' என்னும் இரு தொடர்களிலும் 'பள்ளிக்கு' என்பது ஒன்றே. ஆங்கிலத்தில் அவ்வாறன்று. படிக்கச் செல்லும் பையன் 'கோஸ் டு ஸ்கூல்'. ஆசிரியரைக் காணச் செல்லும் தாயார் 'கோஸ் டு த ஸ்கூல்'. சுட்டுச்சொல் இல்லாதபோது அப்பெயர் இடத்தையன்றி, அவ்விடத்திற்கே உரிய செயலைக் குறிக்கிறது. சுட்டுச்சொல் வந்தவுடன் அது கட்டடமாகிவிடுகிறது. மருத்துவமனை, சிறை முதலியவற்றைக் குறிக்கும் சொற்களும் பிரித்தானிய ஆங்கிலத்தில் இவ்வாறே அமைவன. நோயாளியாகக் கிடப்பவருக்குச் சுட்டில்லை. அவரைக் காணச் செல்பவருக்கே சுட்டுண்டு.

'லெஃப்ட் ஸ்கூல்' என்பதும் இதனோடு சேர்த்துக் காணத்தக்கது. 'ஹி லெஃப்ட் ஸ்கூல் அட் த்ரீ' எனின் பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்பட்டான் என்பது பொருள். 'ஹி லெஃப்ட் ஸ்கூல் அட் சிக்ஸ்டீன்' எனின் பதினாறாம் வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தினான் என்பது பொருள். பொருளை அறுதியிடுவது வினையன்று, பின்வரும் எண்ணே.

தேர்வை எழுதுவதா, அதற்கு அமர்வதா?

தமிழர் தேர்வினை 'எழுதுகின்றனர்'. பிரித்தானியர் அதற்கு 'அமர்கின்றனர்' அல்லது அதனை 'எடுக்கின்றனர்'. மலாயிலும் 'அமர்தல்' எனும் பொருளுடைய 'டூடோக்' என்னும் சொல்லின் அடியாகவே தேர்வுக்குரிய வினை அமைந்துள்ளது. இவ்விரு மொழிகளின் செல்வாக்கால் 'எஸ்.பி.எம். தேர்வுக்கு அமரும் மாணவர்' என்னும் வழக்கு நம் நாட்டுத் தமிழிலும் நிலைபெற்றுவிட்டது.

'ரைட் அன் எக்சாம்' என நம் மாணவன் எழுதினால் அதனை முற்றிலும் பிழையெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. இந்தியாவிலும் கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது வழக்கில் உள்ளது. வட இந்தியர் பலர் ஆங்கிலத்தில் மாணவர் தேர்வு 'கொடுப்பதாக'க் கூறுவர். இந்தி வழக்கின் தாக்கம் அது. பிற நாட்டார் காதுக்குத் தேர்வைக் கொடுப்பவர் ஆசிரியரே. ஆகவே 'கொடுத்தல்' எனும் வினையைக் கேட்கும்போது, கொடுப்பவர் யார் என உணர்வது இன்றியமையாதது.

இடந்தோறும் மாறும் பொருள்

முன்னுரையில் சுட்டிய 'பாஸ் அப்' என்பது மலேசிய, சிங்கப்பூர் வகுப்பறைகளில் வேரூன்றிய தொடர். ஏடுகளைத் திரட்டி முன்னே அனுப்புதலையும் ஆசிரியரிடம் ஒப்படைத்தலையும் அது நமக்கு உணர்த்துகிறது. பிறநாட்டு ஆங்கிலத்திலோ வாய்ப்பு ஒன்றை வேண்டாமென விடுதலையே அது குறிக்கும். ஒப்படைத்தலுக்குப் பிரித்தானியர் 'ஹேண்ட் இன்' என்பர். அமெரிக்கர் 'டர்ன் இன்' எனவும் கூறுவர். முறையான எழுத்தில் 'சப்மிட்' என்பது எங்கும் ஏற்கும்.

'டியூஷன்' என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது மாலை நேரத்துத் தனிவகுப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மடலில் அச்சொல் கல்விக்கட்டணத்தைக் குறிக்கும். 'டியூஷன் வேவர்' என்பதைத் தனிவகுப்பிலிருந்து விலக்கு எனப் பொருள்கொள்ளும் மாணவன், கட்டண விலக்கு தனக்குக் கிட்டியுள்ளதை அறியாமலே மடலை மூடிவைத்துவிடக் கூடும்.

மேற்படிப்புக்காக இந்தியா செல்லும் நம் மாணவர் 'பாஸ்ட் அவுட்' என்னும் தொடரை அடிக்கடி செவியுறுவர். படிப்பை முடித்து வெளியேறினார் என்பது ஆங்குப் பொருள். இங்கிலாந்திலோ அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். படைப்பயிற்சி முடித்து வெளிவரும் வீரர்க்கும் அத்தொடர் அங்கு வழங்கும், பட்டதாரிக்கு வழங்குவதில்லை.

'பப்ளிக் ஸ்கூல்' என்பது இன்னும் வியப்பானது. அமெரிக்காவில் அது அரசு நடத்தும் கட்டணமில்லாப் பள்ளி. இங்கிலாந்தில், 1440 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஈட்டன் போன்ற, கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளையே அது குறிக்கும். குறிப்பிட்ட ஊரார்க்கோ சமயத்தார்க்கோ மட்டும் என்றில்லாமல், கட்டணம் செலுத்த இயன்றோர் எவரும் சேரலாம் என்ற கருத்தில் 'பொது' எனும் அடைமொழி அமைந்தது.

இதனை ஒத்த சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1816 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் இந்நாட்டின் தமிழ்க்கல்வி முதன்முதலில் வகுப்பு வடிவம் பெற்றது. அப்பள்ளியின் பெயரிலுள்ள 'ஃப்ரீ' என்பதைப் பலரும் 'இலவசம்' என்றே கொள்கின்றனர். இன, சமய வேறுபாடின்றி எவர்க்கும் திறந்த பள்ளி என்பதே அதன் கருத்து என விளக்குவர்.

'ஃபார்ம்' என்னும் சொல்லின் வரலாறும் சுவையானது. ஆங்கிலத்தில் அது வகுப்பு நிலையையும் குறிக்கும். நிரப்ப வேண்டிய தாளையும் குறிக்கும். மலாய்மொழி இவற்றைத் 'திங்காத்தான்', 'போராங்' என இருவேறு சொற்களாகப் பிரித்துக்கொண்டது. மலேசியத் தமிழோ இரண்டுக்கும் 'படிவம்' என்பதையே வழங்குகிறது. 'மூன்றாம் படிவ மாணவர் இப்படிவத்தை நிரப்புக' என்னும் அறிவிப்பு நமக்கு இயல்பாக ஒலிக்கிறது. தமிழகத்திலிருந்து வருவோர்க்கு அது விளங்காது. பிற மொழியினர் நம் தொடரைக் கேட்டு மயங்குவது போன்றே நாமும் பிறர் தொடரைக் கேட்டு மயங்குகிறோம் என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

உவமையும் உருவகமும்

உருவகத் தொடர்களே கடினமானவை என்பது பொதுவான எண்ணம். தமிழ் மாணவர்க்கு அவற்றுட் பல எளியனவே. 'லேர்ன் பை ஹார்ட்' என்பதில் ஆங்கிலேயர் இதயத்தில் இருத்துவதை நாம் 'மனப்பாடம்' என மனத்தில் இருத்துகிறோம். பொருளுணராது ஒப்பிப்பவனை ஆங்கிலேயர் கிளியோடு ஒப்பிடுவர். நாமும் 'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை' என்கிறோம். 'டீச் எ லெசன்' என்பது தண்டித்துத் திருத்துதலைக் குறிக்கும். 'பாடம் புகட்டுதல்' எனும் நம் வழக்கும் அதுவே.

'பாஸ் வித் ஃப்ளையிங் கலர்ஸ்' என்பதில் மாணவர் 'வண்ணங்கள்' எனப் பொருள்கொண்டு தடுமாறுகின்றனர். ஈண்டு அச்சொல் கொடியைக் குறிக்கும். கொடி தாழாமல் பறக்க வெற்றியோடு மீளும் கப்பலிலிருந்து பிறந்தது இத்தொடர். 'கொடிகட்டிப் பறத்தல்' என்னும் தமிழ் வழக்கைச் சுட்டிய அளவில் மாணவர் முகம் மலர்வதை நாம் வகுப்பில் கண்டிருக்கிறோம். இரு மொழியும் வெற்றிக்குக் கொடியையே அடையாளமாகக் கொண்டுள்ளன.

படிமம் ஒவ்வாத இடங்களும் உள. 'ஸ்கூல் பிரேக்ஸ் அப் ஆன் ஃப்ரைடே' எனப் பிரித்தானியப் பாடநூலில் வருங்கால், பள்ளி உடைவதாகவோ பிரிவினை நேர்வதாகவோ எண்ணிவிடுதல் கூடாது. வெள்ளிக்கிழமையோடு தவணை முடிந்து விடுமுறை தொடங்குகிறது என்பதே செய்தி. 'ஹி ஹேஸ் டன் ஹிஸ் ஹோம்வொர்க்' என்பது பள்ளிக்கு வெளியே வருமாயின், முன்கூட்டியே செய்திகளைத் திரட்டி ஆயத்தமாக வந்துள்ளார் என்னும் பாராட்டாகும்.

கற்பித்தலில் கருத வேண்டியவை

மேற்கூறிய சான்றுகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சொல்லைத் தனித்துக் கற்பித்தல் போதாது. தொடரையே ஓர் அலகாகக் கொண்டு, அது எழும் சூழலோடு கற்பித்தல் வேண்டும். 'பாஸ்', 'அப்' என்னும் இரு சொற்களின் பொருளும் அகராதியில் கிட்டும். அவை இணைந்து தரும் பொருள் சூழலில்தான் விளங்கும்.

இரண்டாவது, ஆங்கில வகுப்பில் தமிழ் தடையாகும் என்னும் எண்ணம் மறுபரிசீலனைக்கு உரியது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது தமிழ் இடறச் செய்கிறது என்பது உண்மையே. வழக்குக்கு வழக்கு ஒப்பிடும்போது அதே தமிழ் வழிகாட்டுகிறது. மாணவர் தம் குறிப்பேட்டில் ஆங்கிலத் தொடர், அது வழங்கும் சூழல், நிகரான தமிழ் அல்லது மலாய் வழக்கு என மூன்று பத்திகளாக எழுதிவரின், ஒத்த படிமமும் ஒவ்வாத படிமமும் தாமே புலப்படும்.

மூன்றாவது, நம் நாட்டு வழக்கைப் பிழையென எள்ளுதல் ஆகாது. 'பாஸ் அப் யுவர் புக்ஸ்' என ஆசிரியர் கூறியதைக் கேட்டே மாணவன் கற்றான். அவன் வகுப்பறையில் அது பொருள் தவறாது வழங்குகிறது. அது எங்குச் செல்லும், எங்குச் செல்லாது என்பதைக் கூறினால் போதும். எள்ளப்பட்ட மாணவன் தொடரைத் திருத்திக்கொள்வதில்லை, பேசுவதை நிறுத்திவிடுகிறான். ஐயம் எழுந்தும் வினவாமல் விரிவுரை அரங்கின் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் நம் மாணவர் பலர் அறிவிற் குறைந்தவரல்லர், ஒருமுறை சிரிக்கப்பட்டவர்கள்.

முடிவுரை

பள்ளி சார்ந்த ஆங்கிலத் தொடர்கள் எளிய சொற்களால் ஆனவை. அவற்றின் அருமை, அச்சொற்கள் கூடும் முறையிலும் அவை வழங்கும் இடத்திலும் உள்ளது. ஒரே தொடர் இலண்டனில் ஒன்றையும் சென்னையில் ஒன்றையும் கோலாலம்பூரில் வேறொன்றையும் உணர்த்துமாயின், அவற்றுள் ஒன்றை மட்டும் 'ஆங்கிலம்' எனக் கற்பித்தல் மாணவர்க்கு முழுப்பயன் தாராது. மும்மொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகள் ஒரு வழக்கை இன்னொன்றோடு ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பினை நாள்தோறும் பெற்றிருக்கின்றனர். அவ்வாய்ப்பை ஆசிரியர்கள் முறையாகப் பயன்படுத்துவரேல், இடுபணியை உரிய நாளில் அளித்த மாணவி, தான் அளித்ததை ஐயத்திற்கு இடமின்றி எடுத்துரைக்கும் திறனையும் பெறுவாள்.