டேப்பெட் பேசணும்டா!

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் காலை காம்பவுண்ட் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுல புதுசா மாவு மெஷின் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டாள். மாவு மெஷினும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் ஆபீஸ் கிளம்ப புல்லட்டை ஸ்டார்ட் செய்திருந்தேன்.

1986 மாடல். அப்பா புதுசாக வாங்கியது. என்னைவிட இரண்டு வயது மூத்தது என்பதால் வீட்டில் அதற்குத்தான் மரியாதை அதிகம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நண்பர்கள் யாராவது இரவல் வாங்கினால், முதல் சிக்னலிலேயே பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிட்டு, வியர்த்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.

அந்த வண்டியில்தான் ஆறு மாதமாக ஒரு சத்தம். எஞ்சினைத் திறந்து பார்க்கச் சொல்லி ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் திறக்கவே இல்லை. இரண்டு முறை ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். டாக்டர் முகத்தை வைத்துக்கொண்டார்.

"போர் போயிடுச்சு சார். பிஸ்டன், ரிங்கு, கனெக்டிங் ராடு எல்லாம் பண்ணணும். பதினெட்டாயிரம் ஆகும். பண்றதுக்கு வண்டியைக் குடுத்துடலாம். நல்ல பார்ட்டி இருக்கு."

வீட்டுக்கு வருவதற்குள் அந்த 'நல்ல பார்ட்டி' போன் பண்ணிவிட்டார். புரோக்கர். என் மனைவிக்கோ பரம சந்தோஷம். "பேசாம குடுத்துடுங்க. நிக்கிற இடத்துல ஒரு துளசி மாடமாவது வைக்கலாம்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு மூன்று வருடமாகக் காது மந்தம். மெஷின் வைத்துக்கொண்டிருக்கிறார், பாதி நேரம் சட்டைப்பையில். "குடுத்துடலாமாப்பா?" என்று சத்தமாகக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் வண்டியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தது ஒரு மணி நேரம்.

அன்று ராத்திரிதான் முடிவு செய்தேன். விற்பதானால் விற்போம். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு விற்போம். நான் பி.காம். கணக்கு டாலி ஆகவில்லை என்றால் கம்பெனியையே மூடச் சொல்ல மாட்டோம், எந்த என்ட்ரி தப்பு என்று தேடுவோம். இல்லையா?

முதல் பாடம், சத்தத்தைக் காதால் மட்டும் கேட்கக்கூடாது. கணக்கு போட்டும் கேட்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் வால்வு, டேப்பெட் பக்கத்துச் சத்தம் பாதி வேகத்தில் 'டிக்... டிக்...' என்று நிதானமாக வரும். பிஸ்டன், கனெக்டிங் ராடு சத்தம் முழு வேகத்தில் வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது 'டக டக' என்று இருந்து, சூடானதும் குறைந்தால் அது பிஸ்டன் சிலிண்டரில் லேசாக ஆடும் சத்தம். பழைய வண்டிக்கு இருமல் மாதிரி, அதோடு பல வருஷம் ஓட்டலாம். மேடு ஏறும்போது டாப் கியரில் 'கலகல'வென்று சில்லறை குலுங்கினால் டைமிங் முன்னால் போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அடியிலிருந்து கனமாக 'தொம் தொம்' என்று, லோடு கொடுக்கும்போது அதிகமானால் மட்டும் பிக் எண்டு. அப்போது வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவதுதான் உத்தமம்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் பாருங்கள். எனக்குக் கோட்டுக்குக் கீழே இருந்தது. அசிங்கம்தான். ஊற்றினேன். சத்தம் போகவில்லை.

அடுத்து, நீளமான ஸ்க்ரூ டிரைவர். நுனியை ஓடுகிற எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தினால், டாக்டர் ஸ்டெதஸ்கோப் தோற்றுவிடும். ஒரே எச்சரிக்கை, லுங்கி கட்டிக்கொண்டு செய்யாதீர்கள். சைலென்சர் பெண்ட் பைப்பில் என் லுங்கிக்கு ஒரு ஜன்னல் வந்துவிட்டது. கதவை மூடிய ஷெட்டிலும் வேண்டாம், புகை ஆளைத் தூக்கிவிடும்.

வலது பக்கம் சிலிண்டருக்குக் கீழே, டேப்பெட் கவர் மேல் வைத்தால் 'டிக் டிக்' மண்டைக்குள் கேட்டது. இடது பக்கம் செயின் கேஸ் மேல் வைத்தால் வேறு சத்தம், 'கடக்... கட கடக்'. ஆக, திருடர்கள் இரண்டு பேர்! இருவரும் சேர்ந்து அடித்த கச்சேரியைத்தான் மெக்கானிக் 'போர்' என்று ஒரே பில்லில் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அந்தக் கால இரும்பு எஞ்சின் புல்லட்டில் டேப்பெட் கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. கழற்றினால் உள்ளே இரண்டு புஷ்ராடுகள் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கும். (பின்னால் வந்த யூ.சி.இ. எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பெட். இந்த வேலையே கிடையாது, இந்தச் சுகமும் கிடையாது.)

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் இளநீர் கடை ஸ்ட்ராவை விட்டேன். சென்டர் ஸ்டாண்டு, டாப் கியர், பின் சக்கரத்தைக் கையால் மெல்ல முன்பக்கமாகச் சுற்றினால் ஸ்ட்ரா மேலே ஏறும். அது உச்சிக்கு வந்து நிற்கும்போது இரண்டு புஷ்ராடுகளும் லூசாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் அது வேற உச்சி. எஞ்சின் இன்னொரு சுற்று சுற்றி ஸ்ட்ரா மறுபடி மேலே வரும்வரை சக்கரத்தைச் சுற்றுங்கள்.

என் வண்டியில் இரண்டும் மேலும் கீழும் தாராளமாக ஆடின. லாக்நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரை இறுக்கினேன். ஆசை யாரை விட்டது? கொஞ்சம் கூடவே இறுக்கினேன். மூடி, பிளக்கைப் போட்டு, உதைத்தேன். சத்தமே இல்லை! ஏனென்றால் ஸ்டார்ட்டே ஆகவில்லை.

இருபது உதை. முப்பது. மனைவி ஜன்னலில் நின்று துளசி மாடத்துக்கு இடம் அளந்துகொண்டிருந்தாள்.

அப்பா வந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டுக் கிக்கரில் காலை வைத்து மெதுவாக ஒருமுறை அழுத்தினார். இத்தனைக்கும் காது மெஷின் பையில்தான்.

"கம்ப்ரஷனே இல்லையேடா. வால்வு மூடலை. டைட்டு வச்சுட்டியா?"

"சத்தம் வரக்கூடாதுன்னு..."

"டேப்பெட் பேசணும்டா. பேசாத டேப்பெட்டுதான் வால்வை எரிக்கும்."

விஷயம் அதுதான். வால்வு முழுசாக உட்கார்ந்தால்தான் அதன் சூடு சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கும். உட்காராத எக்ஸாஸ்ட் வால்வு அடுப்பில் விட்ட கரண்டி. அளவு என்னவென்றால், புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. லாக்நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டர் கூடவே கொஞ்சம் நகரும். அதனால் இறுக்கியபிறகு மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். நான் ஐந்து தடவை செய்தேன். அப்பா விரலை வைத்து, "இது சரி" என்றார். இரண்டாவது உதையில் பிடித்தது. 'டிக்' இருந்தது, ஆனால் ரகசியம் பேசுகிற அளவுக்குத்தான்.

இடது பக்கத்துத் திருடன் சுலபமாகப் பிடிபட்டான். பிரேக் பெடலையும் ஃபுட் ரெஸ்டையும் கழற்றி, செயின் கேஸின் ஒற்றை நட்டைக் கழற்ற வேண்டும். கீழே டிரே வைக்க மறந்துவிடாதீர்கள். நான் வைத்தது தினசரி பேப்பர். உள்ளே இருந்த ஆயில் அரசியல் பக்கத்தை முடித்துவிட்டு வாசல் கோலத்துக்குப் போய்விட்டது. எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு ஓடும் பிரைமரி செயின் தொட்டில் மாதிரி தொங்கியது. கேஸில் அது உரசிய கோடு பளபளவென்று தெரிந்தது. அதுதான் 'கடக்'.

அடியில் ஒரு டென்ஷனர் கட்டை, அதைத் தூக்க ஒரு திருகு. மேல் செயினை விரலால் அழுத்தினால் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லி மீட்டர் ஆட வேண்டும். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீண்டிருக்காது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே ரொம்ப இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் இந்த அளவை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் பழிவாங்கும்.

மூடி, புது ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்தேன். அப்பா கையைச் செயின் கேஸ் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் கழித்து, "எனக்குச் சத்தம் கேக்கலை. ஆனா கையில அடிக்கலை. போச்சு" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அணைக்கப் போனேன். "இருக்கட்டும்டா" என்றார்.

செலவு: ஆயில், ஒரு டேப்பெட் கவர் கேஸ்கெட், ஒரு ஸ்ட்ரா, ஒரு லுங்கி. ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது. பிஸ்டன் சத்தம் காலையில் கொஞ்சம் இருக்கத்தான் இருக்கிறது. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காலையில் இருப்பதுதான்.

சாயந்திரம் புரோக்கர் மறுபடி போன். நான் கை கழுவிக்கொண்டிருந்ததால் அப்பாதான் எடுத்தார். ஸ்பீக்கரில் கூடம் முழுக்கக் கேட்டது. "என்ன சார், வண்டியைக் குடுத்துடலாமா?"

அப்பா காதில் மெஷின் இருந்தது.

"என்னது? ஒண்ணும் கேக்கலையே சார்... வச்சுடறேன்" என்று வைத்துவிட்டார்.