எனாமல் மரபணுக்களின் பரிணாமமும் பாடத்திறனாய்வின் பொதுவழுக் கோட்பாடும்

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி ஆகியவற்றைக் கடந்து வடமேற்கே சென்றால், பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்துக் கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் அமைந்துள்ளது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த இத்தொல்லிடத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் 1999 முதல் நிகழ்த்திய அகழாய்வுகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையான கற்கருவிகளை வெளிப்படுத்தின. அங்கு விலங்குப் பற்கள் சிலவும் புதைபடிவங்களாகக் கிடைத்தன. எலும்பு மட்கும் மண்ணிலும் பல் எஞ்சக் காரணம், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமாக உள்ள எனாமல் உறையாகும். புதைபடிவப் பல் பரிணாம வரலாற்றுக்குப் புறச்சான்று எனில், எனாமலை ஆக்கும் மரபணுக்கள் அகச்சான்று ஆகும். அவ்வகச்சான்றைப் படிக்கும் முறை சுவடிப் பதிப்பாசிரியரின் முறையோடு ஒத்திருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மரபணுக்களின் தோற்றம்

எனாமல் உருவாக்கத்திற்கு அமெலோஜெனின், அமெலோபிளாஸ்டின், எனாமெலின் என்னும் புரதங்கள் முதன்மையானவை. இவற்றின் மரபணுக்கள், பழைய மரபணு ஒன்று பலமுறை இரட்டித்துத் திரிந்ததால் தோன்றியவை. பாலிலுள்ள கேசின் புரதத்தின் மரபணுக்களும் இக்குடும்பத்தைச் சார்ந்தவையே. ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகள் பழமையான ஆண்ட்ரியோலெப்பிஸ் என்னும் மீனின் செதில்களில் எனாமல் உண்டு, பற்களில் இல்லை. எனவே எனாமல் முதலில் தோலில் தோன்றிப் பின்னரே பல்லை அடைந்தது என 2015இல் வெளிவந்த ஆய்வு முடிவுசெய்தது.

சிதைந்த மரபணுக்கள்

பல்லில்லா விலங்குகளிலும் இம்மரபணுக்களின் எச்சங்கள் உள்ளன. தமிழகக் காடுகளில் வாழும் அழுங்கின் இனத்தில் எனாமெலின் மரபணு சிதைந்த நிலையில் காணப்படுகிறது. பயன் நின்றபின் பிழைகளைக் களையும் இயற்கைத் தேர்வு செயற்படாமையால், படியெடுக்குந்தோறும் பிழைகள் பெருகின. கற்பாரற்ற நூலை ஏடுதோறும் பெயர்த்தெழுதியதை ஒத்தது இது.

இரு சுவடிகள் ஒரே அரிய பிழையைக் கொண்டிருப்பின் அவை ஒரே மூலத்தின் வழிவந்தவை எனப் பதிப்பாசிரியர் கொள்வர். 2014இல் 48 பறவையினங்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு இம்முறையையே பின்பற்றியது. பற்களுக்குரிய மரபணுக்களில் அனைத்துப் பறவைகளுக்கும் பொதுவான சிதைவுகள் காணப்பட்டமையால், அவற்றின் பொது மூதாதை ஏறத்தாழ 11.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே எனாமலை இழந்தது எனக் கணிக்கப்பட்டது.

பொதுவழு கிட்டாதவிடத்தும் முடிவுக்கு விரைதல் கூடாது. பல்லுக்குப் பதிலாகச் சல்லடைத் தகடுகளைக் கொண்ட திமிங்கிலங்களின் முற்கூறிய மூன்று மரபணுக்களிலும் அனைத்தினங்களுக்கும் பொதுவான சிதைவு கிட்டவில்லை. ஆனால் புதைபடிவங்களோ அவற்றின் பொது மூதாதையே பல்லை இழந்ததைச் சுட்டின. 2011இல் எனாமெலைசின் என்னும் நான்காம் மரபணுவில், ஒரே இடத்தில் புகுந்த ஓர் இடைச்செருகல் அனைத்தினங்களிலும் கண்டறியப்பட்டது. புறச்சான்று சுட்டியதை அகச்சான்று உறுதிசெய்தது.

முடிவுரை

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. ஏடெழுதுவோர் பிழையைத் தாமே திருத்துவர். இரு சுவடிகளைக் கலந்தும் எழுதுவர். தொலைவான விலங்கினங்களின் மரபணுக்கள் அவ்வாறு கலப்பதில்லை. ஆதலின் சுவடிக் குடிவழியை வரையறுப்பது இதனினும் அரிது. எனினும் இரு துறைக்கும் பொதுவான நெறிகள் இரண்டு: தனித்தனியே நேரக்கூடிய பிழை உறவுக்குச் சான்றாகாது, பொதுவழு இன்னும் கிட்டாமை உறவின்மைக்குச் சான்றாகாது. பாடவேறுபாடுகளுள் பிழையெனத் தள்ளப்படுவனவற்றையும் பதிப்பில் முழுமையாகப் பதிவுசெய்தல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.