குடியானப் பெண்களும் விவசாயச் செய்திகளும்

விதை நெல்லைப் புடைத்துத் தெரிந்தெடுத்தல், நாற்று நடுதல், களை பறித்தல், தானியத்தை உலர்த்திக் குதிரில் சேர்த்தல், கறவைகளைப் பேணுதல் ஆகிய வேலைகளில் பெரும்பகுதி பெண்களால் செய்யப்படுகிறது. ஆயினும், இவ்வேலைகளைப் பற்றிய புதிய விவரங்கள் நெடுங்காலமாகப் பட்டாதாரராகிய ஆண்களுக்கே தெரிவிக்கப்பட்டு வந்தன. அவர்கள் வீட்டில் எடுத்துச் சொன்னால் உண்டு. மறந்தால் அத்துடன் நின்றது.

இக்குறையை நீக்கும்பொருட்டு, டென்மார்க் தேசத்தின் உதவிகொண்டு 1986-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 'தான்வா' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. விவசாய இலாகாவின் பெண் அதிகாரிகள் கிராமங்களுக்கே சென்று சிறு குடியானப் பெண்களுக்குப் பயிற்சியளித்தனர். பயின்றவர்கள் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டுமென்பது ஏற்பாடு.

எழுத்தறியாதாரும் இவ்வாறு கற்கத்தக்க முறைகளுள் உப்புநீரில் விதை தெரிதல் ஒன்று. புதிய கோழிமுட்டை நல்ல நீரில் அமிழும். உப்பைச் சிறிது சிறிதாய்க் கரைத்துவர, முட்டை எழும்பி ஒரு காசளவு வெளியே தெரியும். அந்நீரில் விதையை இட்டால் பதர் மிதக்கும். கனத்த மணி அடியில் தங்கும். பின்னர் அம்மணியை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுதல் அவசியம். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

பெண்களுக்கு இவ்விஷயங்களில் நாட்டமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. புதுச்சேரிப் பகுதியில் நிகழ்ந்தது வேறு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998 முதல் அங்குக் கிராமங்களில் செய்தி நிலையங்களை நிறுவினர். ஏம்பலத்தில் அந்நிலையம் கோயிற் கட்டடத்திலேயே இருந்தது. கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டோரும் விலக்கான பெண்களும் நுழையலாகாது என்றிருந்தது. கணிப்பொறி இருந்த மற்றோர் வாசலில் எவரும் நுழைய முடிந்தது. அருகிலுள்ள ஓர் ஊரில், எழுத்தறியாப் பெண் ஒருத்தியின் ஒரே கறவை ஐந்து நாள் ஈனமுடியாமல் தவித்தது. நிலையத்தை ஊதியமின்றி நடத்திய இளம்பெண் கால்நடை வைத்தியர்களின் ஜாபிதாவை எடுத்துக் கொடுத்தாள். அன்றிரவே வைத்தியர் வந்து கன்றை வெளியே எடுத்தார், பசு பிழைத்தது. அந்த ஜாபிதா சர்க்கார் காரியாலயத்தில் கிடந்திருந்தால் அவ்வீட்டின் பால்வருமானம் போயிருக்கும்.

ஆகவே, கிராம அதிகாரிகள் கூட்டங்களை நடவு நேரத்திலும் சமையல் நேரத்திலும் வைக்காதிருத்தல் நலம். சாவடியில் ஒட்டும் அறிக்கையின் பிரதியொன்று பால் ஊற்றுமிடத்திலும் ஒட்டப்படலாம். அங்கே அதை ஒருவர் உரக்கப் படிக்கவும் வேண்டும்.