ஒரு பொறிக்குள் பல பொறிகள்

மட்டக்களப்பு நாட்டில் வயல் செய்வோருக்கு வட்டைவிதானை யார் என்று சொல்லித் தரவேண்டுவதில்லை. வட்டை ஒன்று, அதிற் பங்குடையோர் பலர். வாய்க்கால் நீரை எந்த வரவைக்கு எப்பொழுது, எவ்வளவு திறந்துவிடுவது என்று பார்த்து நடத்துபவர் அவரே. கணினி உலகிலும் இத்தகைய விதானை ஒருவர் உளர். அவர் மனிதர் அல்லர், ஒரு மென்பொருள். ஹைப்பர்வைசர் என்பது அதன் பெயர்.

அலுவலகம் ஒன்றில் பலருக்கும் ஒருங்கே பணிபுரியும் கணினியைச் சேவையகம் என்கிறோம். மின்னஞ்சலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, மாணவர் பதிவேட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியே அவற்றை வாங்கி வைப்பதே முன்னாள் வழக்கம். ஆயின் அவற்றுட் பல, தம் வலிமையிற் சிறு பகுதியையே பயன்படுத்திக்கொண்டு, இரவும் பகலும் மின்சாரத்தை உண்டு வெப்பத்தை உமிழ்ந்து கொண்டிருந்தன. வலிய பொறி ஒன்றை வாங்கி, விதானையை அதிற் குடியேற்றி, அதனைப் பல கூறாக்கிவிட்டால் என்ன? ஒவ்வொரு கூறும் தன்னை ஒரு முழுக் கணினியாகவே கருதிக்கொண்டு இயங்கும். இதுவே மெய்நிகராக்கம். எண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே தம் பெருங்கணினிகளில் இதனைச் செய்து காட்டினர். 1998இல் தோன்றிய விஎம்வெயார் நிறுவனம் இதனைச் சாதாரணக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. 2007இல் லினக்ஸின் கருவிலேயே இவ்வசதி இடம்பெற்றபின், காசு கொடாமலே பெறவும் வழி பிறந்தது.

நம் பகுதிக்கு இதனால் ஆகும் நன்மை சிறிதன்று. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஊர்களில் உப்புக்காற்றும் வெக்கையும் பொறிகளுக்குப் பகை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை இல்லத்தரசிகள் மறந்திரார். பத்துப் பொறிகளைக் குளிர்விப்பதிலும் இரண்டைக் குளிர்விப்பது எளிது; மின்பிறப்பாக்கிக்கு வேண்டும் எண்ணெயும் குறையும். இன்னுமொரு விந்தை: மெய்நிகர்ப் பொறி என்பது முடிவில் சில கோப்புகளே. ஆதலின் அதனை அப்படியே பிரதி செய்யலாம். வசதி அமைந்த இடங்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு பொறிக்கு மாற்றவும் செய்யலாம். வந்தாறுமூலையிலோ கல்லடியிலோ பயிலும் மாணவன், தன் மடிக்கணினிக்குள்ளேயே இரண்டு மூன்று கணினிகளை எழுப்பி, கெடுத்து, மீண்டும் எழுப்பிப் பழகலாம். தந்தையின் பணப்பைக்கு யாதொரு சேதமும் இல்லை!

இனி மறுபக்கம். பொறி ஒன்று பழுதுபட்டால், அதிற் குடியிருக்கும் இருபதும் ஒருங்கே வீழும். விதானையே வஞ்சகர் வசப்பட்டாலோ, வட்டை முழுவதும் அவர் கையில். 2023 பெப்ரவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான விஎம்வெயார் சேவையகங்களைக் கப்பம் கேட்கும் நச்சு நிரலொன்று பூட்டிப்போட்டது. அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு மருந்து 2021இலேயே வெளியாகியிருந்தது, பூசிக்கொள்ளாதிருந்தோரே அகப்பட்டனர்.

நம் நாட்டுக் கதை இதனினும் அருகிலுள்ளது. அரச அலுவலகங்கள் தனித்தனியே சேவையகம் வைத்து அல்லற்படாவண்ணம் அமைக்கப்பட்டதே இலங்கை அரச முகில். 2023 ஆகஸ்ட் மாதத்தில் அதனைக் கப்ப நிரல் தாக்கிற்று. அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலானவை மீளாமற் போயின. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். தொடர்பிலிருந்த காப்புப்பிரதிகளும் உடன் பூட்டப்பட்டன. அக்காலப் பகுதிக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி இல்லை. மென்பொருளும் பழையது. குற்றம் பகுத்தாளும் முறையினது அன்று என்பதே என் கருத்து. பலவற்றை ஓரிடத்திற் சேர்த்தபின், பிரதியையும் அதே கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டதே வினை.

செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2025 செப்டெம்பர் 26இல் தென் கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலம் தீப்பற்றியது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரச சேவைகள் நின்றன. ஊழியரின் கோப்புக் களஞ்சியமொன்று, 858 தெராபைற்று அளவினது, வேறெங்கும் பிரதியின்றி எரிந்தே போயிற்று.

விலை பற்றியும் ஒரு சொல். 2023 நவம்பரில் விஎம்வெயாரைப் புரோட்கொம் நிறுவனம் வாங்கியபின், ஒருமுறை வாங்கி என்றும் வைத்துக்கொள்ளும் உரிமம் விற்பனையில் இல்லை, சந்தா கட்டவேண்டும். ஒரே விதானையை நம்பியிருந்தோர் பலர் இப்பொழுது வேறு விதானை தேடுகின்றனர்.

1978 நவம்பர் 23இன் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26இன் கடற்கோளையும் கண்ட கரை இது. உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் நீரிற் பறிகொடுத்த குடும்பங்களுக்குப் பிரதியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுமோ? மெய்நிகர்ப் பொறியின் அந்தந்த நேர நிலையைப் பிடித்து வைக்கும் வசதியைச் சிலர் காப்புப்பிரதி என மயங்குவர். அஃது அதே வட்டில் இருப்பது; வட்டுப் போனால் அதுவும் போம். பாடசாலையோ கூட்டுறவுச் சங்கமோ, வாரந்தோறும் பிரதியைத் தனி வட்டொன்றில் எடுத்து, வடத்தைக் கழற்றி, வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும். எழுவான்கரையில் உள்ளோர் படுவான்கரையில் ஓர் அலுமாரியைத் தேடிக்கொள்ளலாம். தவணைக்கு ஒருமுறை அவ்வட்டிலிருந்து பொறியை எழுப்பிப் பார்த்தலும் அவசியம். சிறிய நிலையமாயின், அதற்கு ஒரு சனிக்கிழமைக் காலைப்பொழுது போதும்.