உங்களுக்குத் தெரியுமா? மருந்து கேட்குமா என்று ரத்தம் சொல்லுமா?

வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறமாகிவிடும். திருப்பரங்குன்றத்து வெயிலுக்கு அடுப்பே வேண்டாம்! சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்று சொல்லும் சோரியாசிஸுக்குப் பூசும் தைலம் இது.

தைலமோ ஊசியோ, ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்குக் கேட்பதில்லை. முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று, 1,326 சோரியாசிஸ் நோயாளிகளின் மரபணுவைப் பார்த்தது. எச்.எல்.ஏ-சி 06:02 என்ற மரபணு வகை இல்லாதவர்களுக்கு, சோரியாசிஸுக்குப் போடும் உஸ்டெகினுமாப் ஊசியைவிட அடலிமுமாப் ஊசி நன்றாக வேலை செய்தது. கொஞ்சம் ரத்தம் எடுத்தாலே இந்த மரபணு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆனாலும் தோல் மருத்துவர்கள் இந்தப் பரிசோதனையை வழக்கமாக எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு மரபணுவை மட்டும் நம்பி மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த ஊசிகளைப் போடும் முன் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை வேறு: உடலில் காசநோய்க் கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது. அந்தக் கிருமியைச் சுற்றி உடல் கட்டிய சுவர் நிற்பதற்கு டி.என்.எஃப் என்ற புரதம் வேண்டும். அடலிமுமாப் அடக்குவது அதே புரதத்தைத்தான். சுவர் இடிந்தால், தோலைக் காட்ட வந்தவர் திருப்பரங்குன்றம் தாண்டித் தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாகிவிடும்.

பெங்களூரு பயோகான் 2013-இல் சோரியாசிஸுக்கு இந்தியாவில் கொண்டுவந்த இட்டோலிசுமாப் வேறு வழியில் போகிறது. அது பிடிப்பது வெள்ளணுக்களின் மேலுள்ள சிடி6 என்ற புரதத்தை.