தங்கவயல்: திரை சொன்ன கதையும் விட்டுப்போன கதையும்

பேத்தமங்களா: பாலாற்று நீரைத் தேக்கி, கோலார் தங்கவயலுக்குக் குழாய் வழியே குடிநீர் அனுப்பிய ஊர் இது. அதே பாலாறு பாயும் வட ஆர்க்காட்டிலிருந்தே தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் தங்கவயலுக்கு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவர்களது வாழ்க்கையை வெளியுலகம் அறிவது பெரிதும் திரைப்படங்கள் வழியாகவே.

மனிதர் வாழ இயலாத இடத்தில் வாழ்ந்தவர்களின் கதை முறையாகப் பதிவானதற்கு அண்டார்டிகா சான்று. 1910-ல் தென்துருவப் பயணம் தொடங்கிய ராபர்ட் ஸ்காட், ஹெர்பர்ட் பாண்டிங் என்ற ஒளிப்பதிவாளரையும் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். கூடாரத்தில் சமைப்பதும் உறங்குவதும்கூடப் படமாயின. அவை 1924-ல் முழுநீள மௌனப்படமாக வெளிவந்தன. ஸ்காட் 1912-ல் பனியில் மாண்டார். அவரது நாட்குறிப்பு மிஞ்சியது.

அதே ஆண்டுகளில் தங்கவயலில் ஆயிரக்கணக்கானோர் பூமிக்கடியில் உழைத்தனர். சுரங்கத்துக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. எழுத்தறிவு எட்டாத தொழிலாளருக்கோ நாட்குறிப்பு எழுத வழியில்லை. பிற்காலத்தில் சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டியபோது, அடியாழத்துப் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சென்றது. திடீரென வெடித்துச் சரியும் பாறைகள், நுரையீரலை அரித்த சிலிக்கா தூசி, கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ல் நடந்த வேலைநிறுத்தம் ஆகியவை தலைமுறைகளின் பேச்சில் தங்கின.

2018, 2022-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படங்கள் தங்கவயலின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. ஆனால் அவற்றின் மையம் கற்பனை நாயகன் ஒருவனின் எழுச்சி. 2024-ல் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆர்க்காட்டு மக்களையே முன்னிறுத்தியது. எனினும் அது 19-ஆம் நூற்றாண்டைப் புனைவாகச் சொன்ன படம். சுரங்கம் மூடிய நாளில் வேலையிழந்த தொழிலாளியின் கதையும், பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் அவரது பிள்ளைகளின் கதையும் இப்படங்களின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

இதற்கிடையே, சுரங்கக் கழிவு மண்மேடுகளில் எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. 13 மேடுகளும் அளந்து கணக்கிடப்பட்டுள்ளன. மனிதர்களின் நினைவுகளுக்கும் அத்தகைய கணக்கெடுப்பு வேண்டும். மூடப்பட்டபோது 30 வயதிலிருந்த தொழிலாளி இன்று 55-ஐக் கடக்கிறார்; அன்றே முதியவராக இருந்தோரில் பலர் இன்று இல்லை. மண்ணில் கலந்த தங்கம் காத்திருக்கும். அவர்களது நினைவுகள் காத்திருக்கமாட்டா.