நிறைந்த படியும் காலிப் புள்ளியும்

மேற்கே நிமிர்ந்தால் ஏலமலையின் நீல விளிம்பும், கிழக்கே திரும்பினால் வெயிலில் காயும் சமவெளியும் கண்ணில் படும்படி அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூரில், நவராத்திரி வந்துவிட்டால், ஏலக்காய் மணக்கும் தெருக்களில் மாலை வேளையில் சுண்டல் மணமும் சேர்ந்துகொள்ளும். அப்படி ஒரு மாலையில் நான் பார்க்கப் போன கொலுவில், ஏழு படிகளுக்கும் கீழே, தரையில், செங்கல்லையும் களிமண்ணையும் கொண்டு போடிமெட்டுச் சாலையையே சிருஷ்டித்திருந்தார்கள். கேப்பையை விதைத்து முளைக்கவிட்ட பசுமை காடாக நின்றது. கொண்டை ஊசி வளைவுகள் பதினேழும் எண்ணிக்கை தவறாமல் வளைந்து ஏறின. மூன்றாம் வளைவில் ஒரு தகர பஸ் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைத் தள்ளப் போன பேரனின் கையை மெல்லப் பிடித்து நிறுத்தி, "பாக்கத்தான் வச்சிருக்கு, தொடக் கூடாது" என்றார் பாட்டி. பையன் கையை இழுத்துக்கொண்டான். "அப்ப பஸ்ஸு மேல போகவே போகாதா?" என்று அவன் கேட்டதற்குப் பாட்டியிடம் பதில் இல்லை, ஒரு கை சுண்டலை அள்ளிக் கொடுத்தார்.

இதே கேள்வியை, கடல் கடந்த ஒரு தேசத்தில், நரைத்த தலையுள்ளவர்கள் பலர் ஆண்டுதோறும் மிகுந்த சிரத்தையோடு விவாதிக்கிறார்கள். சுண்டுவிரல் உயரமும் இல்லாத உலோக வீரர்களையும் பிளாஸ்டிக் வீரர்களையும் வாங்கி, தூரிகையால் சட்டைப் பொத்தான் வரை வர்ணம் தீட்டி, மேஜைமேல் மலையும் நதியும் கிராமமும் அமைத்து, அளவுகோலால் தூரம் அளந்து படைகளை நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் சிற்றுருவப் போர் விளையாட்டு என்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. அதற்கென்றே கண்காட்சிகளும் உண்டு. சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் என்ற கழகத்தார் 1972 முதல் லண்டனில் நடத்திவரும் 'சல்யூட்' அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. அத்தகைய கண்காட்சிகளில் விரிக்கப்படும் மேஜைகள் இரண்டு ஜாதி. ஒன்று காட்சி ஆட்டம்: மாதக்கணக்காக உழைத்து அமைத்த போர்க்களத்தைப் பார்வையாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்து வியக்கலாம், காய் நகர்த்துவதெல்லாம் அமைத்தவர்களின் உரிமை. மற்றது கலந்தாடும் ஆட்டம்: வழியே போகிற எவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சில நிமிஷங்களில் விதிகளைக் கேட்டறிந்து, ஒரு மணி நேரத்துக்குள் வென்றோ தோற்றோ எழுந்து போகலாம்.

இரண்டுக்கும் உள்ள பேதம் அனுமதியைப் பற்றியது மட்டும் என்று நினைப்பது பிழை; மேஜையின் அமைப்பிலேயே அந்தப் பேதம் ஊறியிருக்கிறது. முதலாவது, மனிதனுடைய கை எட்டும் தூரம். ஆடுவதற்கான மேஜை ஆறடிக்கு மேல் அகலமாக இருந்தால் நடுவில் நிற்கும் படையை இருபுறத்தாரும் தொட முடியாது. பார்ப்பதற்கான மேஜைக்கோ கூடத்தின் சுவரே எல்லை. இரண்டாவது, மலைச்சரிவு. இயற்கையில் உள்ளபடி சரிவாக ஒரு குன்றைச் செய்து வைத்தால், பசையிட்டு ஒட்டாத வீரன் அதில் நிற்பதில்லை. வழுக்கி அடிவாரத்துக்கு வந்து சேருகிறான். ஆகவே ஆடுகிறவர்கள் குன்றைப் படிப்படியாக, ஏறக்குறைய நம் கொலுவைப்போலவே, வெட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு அது மலையாக இல்லை. ஆனால் அதன்மேல் ஏறலாம், நிற்கலாம், இறங்கலாம்.

மூன்றாவது அளவு விகிதம். பெருவழக்காக உள்ள 28 மில்லிமீட்டர் வீரன் உண்மை மனிதனில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. அந்த விகிதத்தை மலைக்கும் விட்டுக்கொடுக்காமல் கடைப்பிடித்தால், போடியிலிருந்து மெட்டு வரையுள்ள ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றத்தைக் காட்ட, மேஜைமேல் பதினாறு மீட்டருக்குக் குறையாத குன்று எழுப்ப வேண்டும். அது ஐந்து மாடி வீட்டின் உயரம். எனவே வீரனுக்கு ஒரு கணக்கு, அவன் நிற்கும் பூமிக்கு வேறொரு கணக்கு என்று வைத்துக்கொண்டு, அந்த முரணைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவது ஆட்டக்காரர்களின் சம்பிரதாயம்.

நான்காவதும் முக்கியமானதுமான பேதம் ஒன்று உண்டு, அது வெற்றிடம். காட்சி மேஜையில் விளிம்புக்கு விளிம்பு சேனை நிறைந்திருக்கும். அந்த நிறைவே அதன் அழகு. ஆடும் மேஜையிலோ பெரும்பகுதி காலியாகக் கிடக்க வேண்டும், நகர்வதற்கு இடமில்லாத படைக்கு வியூகம் என்பதே இல்லையாதலால். சதுரங்கப் பலகையை நினைத்துப் பாருங்கள்: அறுபத்துநான்கு கட்டங்கள், முப்பத்திரண்டு காய்கள், ஆட்டம் தொடங்கும்போதே சரிபாதி காலி. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைச் சேனையையும் இப்படிப் பாதி வெறுமையில் நிறுத்திய நம் நாட்டு முன்னோர், போரின் உருவத்தை விட்டுவிட்டு அதன் செயலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

உருவத்திலிருந்து செயலுக்கு வந்த இந்தப் பயணம் ஒரே குடும்பத்தில், தந்தையிடமிருந்து மகனுக்கு, நடந்ததும் உண்டு. பிரஷ்ய தேசத்தில் ஃபான் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812-ல் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு ஒரு போர் விளையாட்டைச் சமர்ப்பித்தார். அது இழுப்பறைகள் கொண்ட பெரிய மேஜை; நதி, சாலை, மேடு பள்ளம் யாவும் வார்த்து வர்ணம் தீட்டிய ஓடுகளை அதன்மேல் விரும்பியபடி அடுக்கலாம். அரச குடும்பத்தார் அதில் ஆடி மகிழ்ந்தார்கள். ஆனால் அப்படிப்பட்ட மேஜையை வேறு யார் செய்துகொள்ள முடியும்? அது அரண்மனைப் பொருளாகவே இருந்துவிட்டது. பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய மகன், 1824-ல், அந்த அலங்காரம் அனைத்தையும் துறந்தார். எண்ணாயிரத்தில் ஒரு பங்கு விகிதத்தில் வரைந்த தேசப்படம், சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள், பகடை, விதிநூல், தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர், இவ்வளவே அவர் வைத்துக்கொண்டவை. அந்தக் கணக்கில் நம் போடிமெட்டு ஏற்றம் பன்னிரண்டரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அதாவது ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். காலாளுக்கும் குதிரைக்கும் முகம்கூட இல்லாத அந்த ஆட்டத்தைப் பார்த்த சேனாதிபதி மஃப்ளிங், இது விளையாட்டன்று, யுத்தப் பயிற்சியே என்று வியந்து, படைப்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அதைச் சிபாரிசு செய்தார். பிற்காலத்தில் எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர், கடையில் மலிவாகக் கிடைத்த உள்ளீடற்ற ஈய வீரர்களையும் மரக்குண்டு எறியும் பொம்மைப் பீரங்கியையும் கொண்டு வீட்டுத் தரையில் ஆடி, 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை வெளியிட்டபோது, உருவமும் செயலும் மறுபடி கைகோத்தன. இன்றைய மேஜைகள் அந்த வழியில் வந்தவையே.

பிரஷ்யாவுக்கும் லண்டனுக்கும் போவானேன்? ஏலமலை அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் உச்சி வெயிலுக்கு ஒதுங்கும் பாறை நிழலில், கரிக்கட்டியால் கீறிய ஒரு களத்தைச் சுற்றிக் குந்தியிருப்பதை நான் சிறுவயதில் நின்று பார்த்திருக்கிறேன். அது ஆடுபுலி ஆட்டம். ஓர் உச்சியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டில் முடியும். அவற்றைக் குறுக்கே மூன்று நீளக் கோடுகள் வெட்டும். அவற்றின் ஓரங்களை இருபுறமும் ஒவ்வொரு கோடு இணைக்கும். கோடுகள் கூடும் புள்ளிகள் 23. புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. கூழாங்கல் புலியாகும், புளியங்கொட்டை ஆடாகும். உச்சியிலும் அதற்கு அடுத்த கோட்டிலுமாகப் புலிகள் அமர்ந்தபின், ஆட்டுக்காரன் ஒவ்வோர் ஆடாக இறக்குவான். பதினைந்தையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆடும் இடம் பெயரக் கூடாது. புலியோ முதல் ஆடு இறங்கியதுமே உலாவத் தொடங்கும். பக்கத்துப் புள்ளியில் ஆடு நின்று, அதற்கு நேர் அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், தாண்டி வெட்டும். மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு ஜெயம். விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் சாரம் இதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓர் ஆட்டையும் இழக்காமல் பதினைந்தையும் இறக்கிவிட்டால், மூன்று புலிகளோடு சேர்த்துப் பதினெட்டுப் புள்ளிகள் நிறையும், எஞ்சுவன ஐந்தே. ஆட்டத்தின் உயிர் முழுவதும் அந்த ஐந்து காலிப் புள்ளிகளில் இருக்கிறது. ஓர் ஆடு வெட்டுப்படும்போது இழப்பு ஓர் ஆட்டோடு நிற்பதில்லை. அது நின்ற புள்ளி காலியாகி, புலிக்குப் புதிய பாதையாகிவிடுகிறது. மந்தையில் ஒரு பொத்தல் விழுந்தால் அதன் வழியே மேலும் பொத்தல் விழும் என்ற நியாயத்தை, அசல் மந்தையை ஓட்டித் திரிந்தவன் புளியங்கொட்டையிலும் கண்டுகொண்டான். மீசையும் கோடும் தீட்டிய மண்புலி இதைச் சொல்லித் தராது.

அதனால் மண்புலியை இகழ்ந்துவிட வேண்டாம். மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்களின் கைவேலையை அருகிலிருந்து பார்த்தவர் அப்படி இகழ மாட்டார். பிசைந்த மண்ணை அச்சின் இரு பாதிகளிலும் அழுத்தி, பாதிகளைப் பொருத்தி, பொருத்துவாய் தெரியாமல் ஈரவிரலால் தேய்த்து, காயவைத்துச் சுட்டு, வர்ணம் ஏற்றிய பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கண் திறப்பார்கள். அந்தக் கண்ணுக்காகத்தான் நாம் படியின்முன் நிற்கிறோம். கண்காட்சியிலும் அப்படியே, தூரத்தில் போகிறவனை இழுத்து நிறுத்துவது காட்சி மேஜையின் சாமர்த்தியம், நின்றவனை உட்காரவைத்து அவன் அறிவுக்கு வேலை தருவது ஆட்ட மேஜையின் சாமர்த்தியம். இரண்டையும் ஒரே மேஜையில் சாதிக்க விரும்புகிறவன், எங்கே அழகைக் குறைத்துக் கைக்கு இடம் விடுவது என்று ஒவ்வோர் அங்குலத்திலும் முடிவு செய்தாக வேண்டும்.

நம் கொலுவிலேயே இரண்டுமான பொருள் ஒன்று உண்டு. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி ஜோடி நவராத்திரி முழுவதும் பட்டுடுத்திப் படியில் நிற்கும். விஜயதசமி இரவில் அதைப் படுக்கவைத்துவிட்டால் கொலு முடிந்தது. பழைய வீடுகளில் அதன்பின் அது குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

நான் சொன்ன வீட்டுக்கு மறுநாள் போயிருந்தபோது படிகள் கலைந்து, பொம்மைகள் பழந்துணி சுற்றிப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. களிமண் மலை மட்டும் கூடத்தில் மிஞ்சியிருந்தது. தகர பஸ் பேரன் கையில் இருந்தது. வளைவில் நிறுத்திக் கையை எடுத்தால், பஸ் ஒவ்வொரு முறையும் வழுக்கிக் கேப்பைக் காட்டுக்குள் கவிழ்ந்தது. சற்று யோசித்தவன், கட்டைவிரலை நீரில் நனைத்து, ஒவ்வொரு வளைவிலும் மண்ணை அழுத்தி, பஸ் நிற்குமளவு ஒரு தட்டையான படி செய்துகொண்டே மேலே போனான். அவ்வளவு அருமையாகச் செய்த சாலை சிதைந்து, மெட்டு என்று சொன்னால்தான் மெட்டு என்று தெரியும் நிலைக்கு வந்துவிட்டது. பாட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இம்முறை கையைப் பிடிக்கவில்லை. பஸ் ஆறாவது வளைவில் நின்றது.